தெருவுல நிக்கிற காருக்கு என்ன பாதுகாப்பு? கடலூர், சிதம்பரம் பக்கம் பெயின்ட் எப்படிப் போகுது, எப்படி நிக்கும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டிருக்கிறது.)

இந்த வாரம் நேரா ஒரு லிசனரோட மெசேஜ்ல இருந்து ஆரம்பிக்கலாம். சிதம்பரத்துல இருந்து ஒரு நண்பர் எழுதியிருக்கார். முதல் கார், அஞ்சு வருஷ லோன். வீட்டுல பார்க்கிங் கிடையாது, ராத்திரி பகல் தெருவுலதான் நிக்குது. வாங்கி எட்டு மாசம் ஆச்சு. வாட்டர் வாஷுக்குக் கொண்டுபோன ஒரு கடையில, "உப்புக் காத்துல பெயின்ட் போயிட்டு இருக்கு தம்பி, இப்பவே செராமிக் கோட்டிங் போடலைன்னா ரெண்டு வருஷத்துல உரிஞ்சுடும்"னு சொல்லியிருக்காங்க. கேட்ட தொகை அவரோட ரெண்டரை மாச இஎம்ஐ. "ப்ரோ, போடட்டுமா வேண்டாமா?"

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஆனா இந்த ஒரு வார்த்தையோட நிறுத்திட்டா, அடுத்த கடையில இன்னொருத்தர் வேற ஒண்ணைச் சொல்லிப் பயமுறுத்துவார். அதனால பெயின்ட்டுன்னா என்ன, நம்ம ஊர் வெயிலும் காத்தும் அதை என்ன பண்ணுது, காசு செலவு பண்ணாம என்னவெல்லாம் செய்யலாம்னு உள்ள போய்ப் பார்த்துடுவோம்.

ஒரு சின்ன விஷயம் முதல்ல. சிதம்பரத்துல கோயிலைச் சுத்தி இருக்கிற நாலு வீதிக்கும் இங்கிலீஷ்ல 'கார் ஸ்ட்ரீட்'னு பேர். ஈஸ்ட் கார் ஸ்ட்ரீட், வெஸ்ட் கார் ஸ்ட்ரீட். அந்தக் கார் நம்ம கார் இல்ல, தேர். ஆனியிலயும் மார்கழியிலயும் தேர் ஓடும்போது நம்ம காரெல்லாம் ஓரங்கட்டணும். மத்த நாள்ல தேர் நிலையில நிக்கும். தமிழ்நாட்டுல எந்த ஊருக்குப் போனாலும் பாருங்க, நிலையில நிக்கிற தேரைச் சுத்தித் தகரமோ ஃபைபர் ஷீட்டோ வச்சு மறைச்சிருப்பாங்க. வெயிலும் மழையும் மாறி மாறிப் படுறதுதான் எதையும் கெடுக்கும்னு ஊருக்கே தெரியும். பத்து லட்சம் ரூபாய்க்கு வாங்கின வண்டியை மட்டும் அப்படியே வெட்ட வெளியில விட்டுடுறோம்.

பேப்பர் தடிமன்ல ஒரு கவசம்

கார் பாடியோட குறுக்குவெட்டைப் பார்த்தா, கீழ இரும்புத் தகடு. அது மேல மெல்லிசா பாஸ்பேட் படிவு. அதுக்கு மேல ஈ-கோட். மொத்த பாடியையும் பெரிய தொட்டியில முக்கி, கரண்ட் பாய்ச்சி, மூலை முடுக்கு எல்லாத்துலயும் பெயின்ட்டை ஒட்ட வைக்கிறது இது. துருவைத் தடுக்கிறதுல முக்கியமான வேலை இந்த லேயரோடது. அதுக்கு மேல ப்ரைமர், அப்புறம் நம்ம கண்ணுக்குத் தெரியுற கலர், எல்லாத்துக்கும் மேல நிறமே இல்லாத கிளியர் கோட்.

இவ்வளவும் சேர்ந்து சுமார் 100-ல இருந்து 130 மைக்ரான். பிரின்டர்ல போடுற ஏ4 பேப்பர் ஒண்ணோட தடிமனே கிட்டத்தட்ட 100 மைக்ரான் வரும். கிளியர் கோட் மட்டும் எடுத்தா 40, 50 மைக்ரான், அதாவது அரை பேப்பர். பளபளப்பு, வெயில் தாங்குறது, கீறல் தாங்குறது எல்லாம் அந்த அரை பேப்பர் பொறுப்பு.

இதுல கவனிக்க வேண்டியது, இது திரும்ப வளராது. காம்பவுண்ட் போட்டு மெஷின்ல பாலிஷ் பண்ணும்போது கீறல் மறையுது இல்லையா? கீறலைச் சுத்தி இருக்கிற கிளியர் கோட்டைக் கீறலோட ஆழத்துக்கு இறக்கிடுறாங்க, அதான் மறையுது. ஒவ்வொரு தடவையும் ரெண்டு மூணு மைக்ரான் போகும். டாப்-அப் பண்ண முடியாத டேட்டா பேக் மாதிரி. "சர்வீஸுக்கு வந்த கையோட ஒரு ரப்பிங் பாலிஷ் ஃப்ரீயா போட்டுடுறோம் சார்"னு யாராவது சொன்னா, ஃப்ரீயா போறது உங்க கிளியர் கோட்.

சரி, இந்த அரை பேப்பருக்கு எதிரி யார்?

வெயில்

உரியறது, வெளுக்கறது, வெள்ளை வெள்ளையா பூத்துப்போறது, இதுக்கெல்லாம் முதல் காரணம் வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர். கிளியர் கோட் ஒரு பாலிமர், நீள நீளமான சங்கிலி. யூவி அந்தச் சங்கிலியை அங்கங்க வெட்டும். இதுக்காகத்தான் பெயின்ட்லயே யூவியை உறிஞ்சிக்கிற பொருளும், வெட்டுப்பட்ட இடத்துல நடக்கிற ரசாயன எதிர்வினையை நிறுத்துற பொருளும் கலந்திருப்பாங்க. அது வேலை செய்யும், ஆனா வருஷம் போகப் போகத் தீரும். வண்டியோட சைடு நல்லா இருந்து, ரூஃபும் பானெட்டும் மட்டும் மங்கியிருக்கிறதைப் பழைய கார்கள்ல பார்த்திருப்பீங்க. மேல் பார்த்து இருக்கிற பரப்புதான் நாள் முழுக்க வெயிலை வாங்குது.

அமெரிக்காவில 1980களோட கடைசியிலயும் 1990களோட ஆரம்பத்துலயும் வந்த நிறைய கார்கள்ல பெயின்ட் பாளம் பாளமா உரிஞ்சது பெரிய பிரச்சினையாச்சு. ப்ரைமர் லேயரை விட்டுட்டு ஈ-கோட் மேலயே நேரா கலர் அடிச்சிருந்தாங்க. யூவி கலரைத் தாண்டிக் கீழ இறங்கி, ஈ-கோட்டோட மேல்பரப்பைப் பொடியாக்கிடுச்சு. அஸ்திவாரம் பொடியானா மேல இருக்கிறது நிக்குமா? அந்தக் கார்கள் கடலோரத்துல மட்டும் உரியல. வெயில் இருந்த ஊர்ல எல்லாம் உரிஞ்சது. அதனால "உப்புக் காத்துல உரிஞ்சுடும்"ங்கிற வாக்கியமே சரியில்ல. உப்பு பண்ணுற சேட்டை வேற.

நிழலைப் பத்தி ஒரு கணக்கு. கடலூர் கிட்டத்தட்ட 11.7 டிகிரி வடக்கு அட்சரேகையில இருக்கு. அதனால ஏப்ரல் 20 வாக்கில ஒரு தடவை, ஆகஸ்ட் 20 வாக்கில ஒரு தடவை, உச்சிப் பொழுதுல சூரியன் நேரா தலைக்கு மேல வரும். அந்தச் சமயத்துல மதியம் எந்தச் சுவரும் நிழல் தராது. ஆனா ரெண்டு மணிக்கு மேல, வடக்கு தெற்கா போற தெருவுல மேற்குப் பக்கம் இருக்கிற கட்டடம் நல்ல நிழல் தரும். அதாவது கட்டடத்துக்குக் கிழக்கால நிறுத்தினா பின்மதிய வெயில்ல இருந்து தப்பிக்கலாம். காலை வெயிலும் பின்மதிய வெயிலும் யூவி அளவுல ஒரே மாதிரிதான். ஆனா பின்மதியத்துல தகடு ஏற்கெனவே கொதிச்சிட்டு இருக்கும், அந்தச் சூடு மத்த எல்லாப் பிரச்சினையையும் வேகமாக்கும். கத்திரி வெயில்ல கருப்புக் காரோட பானெட் 70 டிகிரியைத் தாண்டும். கையை வச்சுப் பாருங்கன்னு சொல்ல மாட்டேன்.

உப்பு

கடல் அலை உடையும்போது கிளம்புற நுண்ணிய உப்புத் துளிகள் காத்துல மிதந்து வரும். பெரிய துளிகள் முதல் சில நூறு மீட்டருக்குள்ளயே விழுந்துடும். உள்ள போகப் போக அளவு வேகமா குறையும். தேவனாம்பட்டினத்துல சில்வர் பீச் பக்கம் நிக்கிற காரும், அங்கிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தள்ளி, கடல்ல இருந்து பத்து கிலோமீட்டருக்கு மேல உள்ள இருக்கிற சிதம்பரத்துல நிக்கிற காரும் வாங்குற உப்பு ஒண்ணு இல்ல. நம்ம லிசனருக்கு முதல் ஆறுதல் இது. பரங்கிப்பேட்டை, சாமியார்பேட்டைன்னு கரையை ஒட்டி இருக்கிறவங்கதான் உஷாரா இருக்கணும்.

உப்பு கிளியர் கோட்டைத் தின்னாது. அதுக்கு இரும்பு வேணும். பெயின்ட் முழுசா இருக்கிற இடத்துல உப்பு சும்மா உக்கார்ந்திருக்கும். சின்ன கல் தெறிச்சு பெயின்ட் போன இடம், கதவோட கீழ் விளிம்பு, நம்பர் பிளேட் ஸ்க்ரூ, சக்கரத்துக்கு மேல இருக்கிற வளைவு, யாரோ சாவியால போட்ட கோடு, இங்கதான் உள்ள நுழையும். நுழைஞ்சா பெயின்ட்டுக்கு அடியிலயே துரு பரவும். வெளிய கொப்புளம் தெரியும்போது உள்ள நிலம் பாதி போயிருக்கும்.

இன்னொரு குணமும் இருக்கு. சாப்பாட்டு உப்பு காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா, தானாவே தண்ணியை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். மழைக்காலத்துல உப்பு ஜாடியில நடக்கிறது அதுதான். கடல் உப்புல மக்னீசியம் குளோரைடும் இருக்கு, அது இன்னும் ரொம்பக் குறைஞ்ச ஈரத்துலயே தண்ணி இழுக்கும். கடலோர ஊர்ல ராத்திரி ஈரப்பதம் இந்த அளவையெல்லாம் சாதாரணமா தாண்டும். மழையே பெய்யலைன்னாலும், உங்க கார் மேல இருக்கிற உப்பு தினமும் ராத்திரி தன்னைத்தானே நனைச்சுக்குது.

இதையெல்லாம் வருஷக்கணக்கா அளந்து பார்க்கிற இடம் நம்ம மாநிலத்துலயே இருக்கு. காரைக்குடியில 1953-ல ஆரம்பிச்ச மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், சுருக்கமா சிக்ரி. மண்டபத்துல கடலோரமா அவங்களுக்கு ஒரு சோதனைத் தளம் இருக்கு. தகடுகளைக் கடல் காத்துல நிறுத்தி வச்சு எவ்வளவு அரிக்குதுன்னு பார்க்கிற இடம். உலகம் முழுக்க பெயின்ட் லேப்ல ஒரு பழக்கம் உண்டு. உப்புச் சோதனைக்கு வைக்கிற தகட்டு நடுவுல, வேணும்னே இரும்பு தெரியுற அளவுக்குக் கீறல் போடுவாங்க. பெயின்ட் நல்லா இருக்கிற இடத்துல எதுவும் சீக்கிரம் நடக்காதுன்னு அவங்களுக்குத் தெரியும். கீறல்ல இருந்து துரு எத்தனை மில்லிமீட்டர் உள்ள பரவுதுங்கிறதுதான் அவங்க அளக்கிறது.

அப்போ உப்புக்கு மருந்து ரெண்டே ரெண்டு. ஒண்ணு, வாரம் ஒரு தடவை தண்ணி ஊத்திக் கழுவுறது. மேல மட்டும் இல்ல, சக்கர வளைவு, கதவுக்குக் கீழ, வண்டிக்கு அடியில எல்லாம். பீச்சுக்குப் போயிட்டு வந்தா அன்னிக்கே. ரெண்டு, டச்-அப் பெயின்ட். டிரைவர் சைடு கதவுத் தூண்லயோ பானெட்டுக்குள்ளயோ உங்க காரோட கலர் கோடு இருக்கும். அந்தக் கோடைச் சொன்னா நெயில் பாலிஷ் மாதிரி சின்ன பாட்டில்ல கிடைக்கும். கல் தெறிச்ச புள்ளியைக் கழுவி, காய வச்சு, துரு இருந்தா நைஸ் எமரி ஷீட்டால அந்தப் புள்ளியை மட்டும் தேய்ச்சு, இரும்பு தெரிஞ்சா ஒரு துளி ப்ரைமர் வச்சு, அதுமேல பல் குச்சி முனையால ஒரு சொட்டு வைங்க. அழகா இருக்காது. துரு வராது. கடலூர்க்காரங்க கார் பெயின்ட்டுக்குன்னு ஒரே ஒரு பொருள்தான் வாங்கலாம்னா நான் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

காக்கா, பனி, மாமரம்

பறவை எச்சத்துல யூரிக் அமிலம் இருக்கு, செரிமான நொதிகளும் இருக்கு. பெயின்ட் லேப்ல எச்சத்துக்குப் பதிலா பான்கிரியாட்டின்னு ஒரு நொதிக் கலவையைத் தகட்டுல வச்சு, சூடு பண்ணிப் பார்ப்பாங்க. ஆமா, காக்கா எச்சத்துக்கு டெஸ்ட் இருக்கு. சூடுதான் இங்க வில்லன். வெயில்ல கிளியர் கோட் கொஞ்சம் இளகும், எச்சம் காஞ்சு இறுகும், சாயங்காலம் தகடு குளிரும்போது பெயின்ட் அந்த வடிவத்துலயே உறைஞ்சுடும். மே மாச மதியத்துல சில மணி நேரத்துலயே தடம் விழுந்துடும். டிசம்பர் காலையில அதே எச்சம் ஒரு நாள் இருந்தாலும் பெருசா ஒண்ணும் ஆகாது.

பார்த்த உடனே துடைக்காதீங்க. பறவை கொத்தித் தின்ன மண்ணும் உமியும் அதுக்குள்ள இருக்கும். டேஷ்போர்டுல ஒரு சின்ன ஸ்ப்ரே பாட்டில் தண்ணியும் டிஷ்யூவும் வச்சிருங்க. டிஷ்யூவை அதுமேல போட்டு, நனைச்சு, அஞ்சு நிமிஷம் விட்டுட்டு, அப்படியே அள்ளி எடுங்க. வௌவால் எச்சத்துக்கும், நாவல் பழக் கறைக்கும் இதே வைத்தியம்தான்.

மரத்துக்கு அடியில நிறுத்தினா நிழல் கிடைக்கும், கூடவே பிசுக்கும் கிடைக்கும். நிறைய பேர் அதை மரத்தோட பால்னு நினைக்கிறாங்க. பெரும்பாலும் அது இலையில சாறு உறிஞ்சுற பூச்சிகள் வெளியேத்துற சர்க்கரைத் தண்ணி. மாமரம் பூக்கிற நேரத்துல தத்துப்பூச்சி வந்தா அடியில நிக்கிற கண்ணாடியெல்லாம் பிசுபிசுக்கும். தூங்குமூஞ்சி மரத்தடியிலயும் இதே கதைதான். புதுசா இருக்கும்போது வெதுவெதுப்பான தண்ணியில கரைஞ்சுடும். விட்டா வெயில்ல வெந்து, அதுமேல கரும்பூஞ்சை பிடிக்கும். என் கட்சி: பறவை அடையுற மரம்னா வேண்டாம், மத்தபடி வேப்பமரத்து நிழல் வெயிலை விட எவ்வளவோ மேல்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு, பனி. கடலூர்ல இருந்து சிதம்பரம் போற ரோட்டுல சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டை, மேற்கால நெய்வேலியில பழுப்பு நிலக்கரி எரிக்கிற அனல்மின் நிலையங்கள். நிலக்கரி எரியுற எந்த ஊர்லயும் காத்துல கந்தக டை ஆக்சைடு கொஞ்சமாவது இருக்கும். ராத்திரி கார் மேல படியுற பனித்துளி அதைக் கரைச்சு வச்சுக்கும். சூரியன் வந்ததும் தண்ணி ஆவியாகும், அமிலம் ஆகாது. துளி சுருங்கச் சுருங்க அமிலம் கெட்டியாகும். கடைசியில ஒரு குட்டி வட்டத் தழும்பு. அமெரிக்காவில ஃப்ளோரிடா மாநிலத்துல ஜாக்ஸன்வில்னு ஒரு ஊர். வெப்பம், ஈரம், தொழிற்சாலைக் காத்து மூணும் சேர்ந்த இடம்ங்கிறதால, பெயின்ட் கம்பெனிகள் அமிலத் தழும்பைச் சோதிக்கவே கோடைகாலத்துல தகடுகளைக் கொண்டுபோய் அங்க வைப்பாங்க. நம்ம ஊருக்கு அந்த மூணுமே தெரிஞ்ச சங்கதி. (அந்தக் காத்தைச் சுவாசிக்கிறவங்களோட பிரச்சினை பெயின்ட்டை விட ரொம்பப் பெருசு. அதுக்குத் தனி எபிசோடே வேணும்.)

தடுக்கிறது சுலபம். பனி படிஞ்ச காலையில வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு குவளை நல்ல தண்ணி ஊத்தி விட்டா போதும், அமிலம் நீர்த்து ஓடிடும்.

ரயில்வே ஸ்டேஷன் பக்கம் தினமும் நிறுத்துறவங்களுக்கு ஒரு துணைக் குறிப்பு. வெள்ளைக் கார்ல ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிஞ்சா உங்க கார் துருப் பிடிக்குதுன்னு பயப்படாதீங்க. ரயில் பிரேக்குல இருந்தும் தண்டவாளத்துல இருந்தும் பறக்கிற இரும்புத் தூள் பெயின்ட் மேல ஒட்டித் துருப்பிடிக்குது. அயர்ன் ரிமூவர்னு ஒரு ஸ்ப்ரே இருக்கு, அடிச்சா ஊதா நிறமா ஒழுகும், கழுவிடலாம்.

உண்மையான குற்றவாளி

இவ்வளவு சொன்னேன். ஆனா பத்து கார் எடுத்தா அதுல பெரும்பாலான கார்களோட பெயின்ட்டை நாசமாக்கினது வெயிலும் இல்ல, உப்பும் இல்ல. காலையில ஏழு மணிக்கு ஒரு பக்கெட், ஒரு துணி, பன்னெண்டு கார். அந்தத் தினசரித் துடைப்புதான்.

தூசுல இருக்கிறது மணல். மணலோட முக்கியப் பொருள் குவார்ட்ஸ், கடினத்தன்மை அளவுல அது 7. இரும்புக் கத்தியே அதைக் கீற முடியாது. நம்ம கிளியர் கோட் பிளாஸ்டிக் மாதிரி. காஞ்ச துணியில தினமும் தூசு தட்டுறது, நைஸ் எமரி ஷீட்டால தினமும் தடவுறதுக்குச் சமம். ராத்திரி மொபைல் டார்ச்சை பானெட் மேல அடிச்சுப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா கோடு தெரிஞ்சா, அது துணியோட கையெழுத்து.

துடைக்கிற அண்ணனைக் குறை சொல்லாதீங்க. நம்மதான் மாசச் சம்பளத்துக்குத் தினமும் துடைக்கச் சொல்றோம், துணி வாங்கித் தர மாட்டோம். சம்பளத்தைக் குறைக்காம வேலையை மாத்துங்க: தினமும் கண்ணாடியும் மிரரும் மட்டும், வாரம் ஒரு நாள் ஒழுங்கான வாஷ். முதல்ல தண்ணியை மட்டும் அடிச்சு மண்ணை இறக்கணும். ஒரு பக்கெட்ல கார் ஷாம்பு, இன்னொண்ணுல வெறும் தண்ணி. மைக்ரோஃபைபர் துணியை ஷாம்புல நனைச்சு ஒரு பேனல் தேய்ச்சதும் வெறும் தண்ணியில அலசிட்டு அடுத்ததுக்குப் போகணும். மேல இருந்து கீழ, சக்கரம் கடைசி, அதுக்குத் தனித் துணி. பாத்திரம் கழுவுற லிக்விடும் துணி துவைக்கிற பவுடரும் ஆகாது, மேல போட்ட மெழுகையெல்லாம் உரிச்சுடும். ஒரு தடவை பழக்கிட்டா அவங்களே நம்மை விட நல்லா செய்வாங்க.

தண்ணியும் முக்கியம். நம்ம பக்கம் நிறைய போர் தண்ணி கடினம், கடலோரத்துல உவர்ப்பு வேற. வெயில்ல கழுவி அப்படியே காய விட்டா கால்சியமும் மக்னீசியமும் வெள்ளை வட்டமா நிக்கும், பாத்ரூம் குழாய்ல இருக்கிற அதே கறை. காலையிலயோ சாயங்காலமோ நிழல்ல கழுவி, உடனே துணியால ஒத்தி எடுங்க. கடைசி அலசலுக்கு என்கிட்ட ஒரு ஓசி ஐடியா இருக்கு: ஏசியோட வெளிக் குழாய்ல சொட்டுற தண்ணி. அது காத்துல இருந்த ஈரம் குளிர்ந்து வந்தது, தாது உப்பு கிட்டத்தட்ட இல்ல. நம்ம கடலோரப் புழுக்கத்துல ஒரு ராத்திரி ஏசி ஓடினா பக்கெட் கிட்டத்தட்ட நிறையும்.

கவர் போடலாமா?

நிறைய பேர் இதுக்கு "ஆமா"ன்னு எதிர்பார்ப்பீங்க. என் பதில், தெருவுல நிக்கிற, தினமும் ஓடுற காருக்கு வேண்டாம். அழுக்கு வண்டி மேல கவர் போட்டா, காத்துல அது படபடக்கும்போது நடுவுல இருக்கிற மணல் அரைக்கும். கடல் காத்து பலமா வீசுற ஊர்ல இது தினப்படி நடக்கும். நனைஞ்ச கவர் ஈரத்தைப் பிடிச்சு வச்சு, உப்புக்கு விருந்து வைக்கும். தார்ப்பாய், பிளாஸ்டிக் ஷீட்னா இன்னும் மோசம், காத்தே போகாது. மாசக்கணக்கா எடுக்காம நிறுத்துற வண்டின்னா, கழுவிக் காய வச்சு, காத்து போற துணிக் கவரா போட்டு, இறுக்கிக் கட்டுங்க.

சொந்த மனையோ காலி இடமோ இருந்தா கவரை விடப் பல மடங்கு நல்லது, நர்சரிக்குப் போடுற பச்சை நிழல்வலை. நாலு பைப்பு நட்டு, வண்டியைத் தொடாத உயரத்துல கட்டிடலாம். யூவியைப் பெருமளவு குறைக்கும், காத்து போகும், எச்சத்தையும் ஓரளவு தாங்கும். புயல் எச்சரிக்கை வந்தா மட்டும் முதல்ல அதைக் கழட்டிடுங்க.

செராமிக் பக்கம் வருவோம்

வேக்ஸ், சீலன்ட், செராமிக், பிபிஎஃப். இந்த நாலுல முதல் மூணும் பெயின்ட் மேல மெல்லிசா ஒரு படலம். வேக்ஸ் நம்ம வெயில்ல சில வாரத்துல போயிடும். சிந்தெட்டிக் சீலன்ட் சில மாசம் நிக்கும். செராமிக் கோட்டிங் சிலிக்கா அடிப்படையில வர்றது, வருஷக் கணக்குல நிக்கும். தண்ணி உருண்டு ஓடும், அழுக்கு சீக்கிரம் ஒட்டாது, கழுவுறது சுலபம், பளபளப்பும் அருமை. இதெல்லாம் நிஜம்.

ஆனா '9ஹெச் கடினம்'னு போர்டு வச்சிருப்பாங்க இல்லையா, அது பென்சில் கடினத்தன்மை. பரப்பு மேல வேற வேற கடினத்துல இருக்கிற பென்சிலால கீறிப் பார்க்கிற சோதனை. குவார்ட்ஸுக்கு 7 சொன்னேனே, அந்த அளவுகோல் வேற, இது வேற. 9ஹெச் பென்சிலுக்குத் தாங்குறது மணலுக்குத் தாங்கணும்னு இல்ல. படலத்தோட தடிமனும் ஒண்ணு ரெண்டு மைக்ரான் வாக்குல. கல் தெறிச்சா உடையும், எச்சத்தை ரெண்டு நாள் விட்டா தழும்பு வரும், போர் தண்ணிக் கறை அதுமேலயும் பிடிக்கும். செராமிக் போட்டுட்டுத் தினமும் அழுக்குத் துணியில துடைச்சா, செராமிக் மேல கீறல் விழும், அவ்வளவுதான் வித்தியாசம். போடுறதுக்கு முன்னாடி மெஷின் பாலிஷ் வேற பண்ணுவாங்க. எட்டு மாச வண்டிக்கு அது எவ்வளவு மைக்ரான் செலவுன்னு கேளுங்க. பெயின்ட் தடிமன் அளக்கிற மீட்டர் இருக்கான்னும் கேளுங்க. இல்லைன்னு சொன்னா வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க.

பிபிஎஃப் மட்டும்தான் கல்லைத் தாங்கும். அது கண்ணாடி மாதிரி ஒட்டுற பாலியூரித்தேன் ஃபிலிம், கிளியர் கோட்டை விடப் பல மடங்கு தடிமன். முழு வண்டிக்குப் போட்டா செலவு தாங்காது. கைப்பிடிக்குப் பின்னாடி இருக்கிற குழி, கதவு விளிம்பு, பானெட் முன் விளிம்புன்னு துண்டு துண்டா போட்டா நியாயமான செலவு.

அதனால சிதம்பரம் நண்பருக்கு: ரெண்டு நல்ல மைக்ரோஃபைபர், ஒரு ஷாம்பு, ஒரு டச்-அப் பாட்டில், ஒரு ஸ்ப்ரே சீலன்ட். மூணு மாசத்துக்கு ஒரு தடவை கழுவினதும் சீலன்ட்டை அடிச்சு துடைங்க. மொத்தச் செலவு ஒரு இஎம்ஐயில சின்னப் பகுதி. அடுத்த வருஷம் போனஸ் வந்து, கழுவுற பழக்கமும் ஒழுங்காகி, பளபளப்புக்காக ஆசைப்பட்டு செராமிக் போட்டா, தாராளமா போடுங்க. பயந்து போடாதீங்க.

புயல் வந்தா

நம்ம கரையில இதைச் சொல்லாம முடிக்க முடியாது. 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையைக் கடந்தது. 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கடந்து, அப்புறம் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள்ள வந்தது. அந்த நேரத்துல மரநிழல் ஃபார்முலா தலைகீழ். மரம், போர்டு, தகரக் கூரை எதுக்கும் பக்கத்துல நிறுத்தாதீங்க, மேட்டு நிலம் தேடுங்க.

இன்ஷூரன்ஸ் பேப்பரை இன்னிக்கே எடுத்துப் பாருங்க. தேர்ட் பார்ட்டி மட்டும்னா உங்க வண்டிக்கு ஒரு பைசா வராது. ஓன் டேமேஜ் இருந்தாத்தான் புயல், வெள்ளம், மரம் விழுறது எல்லாம் வரும். அதுலயும் வெயில்ல வெளுத்தது, எச்சத் தழும்பு, துரு வராது, அது தேய்மானக் கணக்கு. பெயின்ட் கிளெய்ம்ல ஒரு நுணுக்கம்: தேய்மானத்தைப் பெயின்ட் பொருளோட விலையில 50 சதவீதம்னு பிடிப்பாங்க, லேபர்ல பிடிக்கக் கூடாது. பில்லுல பொருளும் லேபரும் பிரிக்காம மொத்தமா போட்டிருந்தா, மொத்தத்துல 25 சதவீதத்தைப் பொருள்னு எடுத்துக்கணும்ங்கிறது வழக்கமான பாலிசி விதி. அதாவது 20,000 ரூபாய் பெயின்ட் பில்லுக்கு 5,000 பொருள், அதுல பாதி 2,500 உங்க தலையில. பாதிக்குப் பாதி கட்டச் சொல்லி யாராவது கணக்குப் போட்டா, இந்த இடத்தைக் காட்டிக் கேளுங்க. ஜீரோ டெப் ஆட்-ஆன் இருந்தா பொதுவா அந்த 2,500-ம் வராது.

புயல் முடிஞ்ச மறுநாள் முதல் வேலை போட்டோ, ரெண்டாவது வேலை தண்ணி. புயல் காத்து உப்பை வழக்கத்தை விட ரொம்ப உள்ள வரைக்கும் கொண்டு வந்து அடிச்சிருக்கும். சிதம்பரத்துக்காரங்களும் அன்னிக்கு ஒரு நாள் கடலோரக்காரங்கதான். நல்ல தண்ணி கிடைச்சதும், குடிக்கிறதுக்குப் போக மீதி இருந்தா, வண்டிக்கு அடியிலயும் சேர்த்து ஊத்தி விடுங்க.

டயர் பத்தியும் நாலு பேர் கேட்டிருக்கீங்க, வெயில்ல நின்னா சைடுவால் வெடிக்குதேன்னு. அது அடுத்த வாரம்.